சிரிக்க வைத்தே நம்ப வைப்பது எப்படி? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவைதான் பிழைப்பு. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் மீம் செய்து தரச் சொல்லி வருவார்கள். எல்லாக் கட்சிக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். டிசைன் முடியும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

"மீமைப் பார்த்தோமா, சிரிச்சோமான்னு போறதை விட்டுட்டு இதுல என்னங்க ஆராய்ச்சி?"

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் செய்யச் சொல்பவர் அப்படி நினைக்கவில்லையே. "எங்கள் கொள்கையை ஒரு பக்கத்துக்கு அடித்துத் தாங்க" என்று ஒரு கட்சிக்காரரும் என் கடைப் படி ஏறியதில்லை. "சிரிப்பு வரணும், எதிராளி மூஞ்சி பெருசா தெரியணும்" என்பதுதான் எப்போதும் ஆர்டர். நோட்டீஸ் அடித்தால் வீடு வீடாகக் கொடுக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும், பிரியாணி வேண்டும். சிரிப்பு வந்துவிட்டால் பார்த்தவனே பத்து குரூப்புக்கு அனுப்பிவிடுவான்.

"சிரிச்சா நம்பிடுவோமா? நாங்க என்ன அவ்ளோ ஏமாளியா?"

ஏமாளித்தனம் இதில் இல்லை. ஜோக்கின் அமைப்பே அப்படி. மேடையில் ஒருவர் "அந்தக் கட்சிக்காரன் திருடன்" என்று கத்தினால், "நீ மட்டும் யோக்கியனா?" என்று மனசு பதில் பேசும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "புதுப் பாலம் எங்கேப்பா?" "அதுவா, திறப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்தது. அன்னைக்கு ராத்திரியே திருப்பிக் கொடுத்துட்டாங்க." இதற்குச் சிரிக்க வேண்டுமானால், பாலத்துப் பணம் சுருட்டப்பட்டது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டது நமக்கே தெரியாது. பாலம் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை.

2007-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. அரசியல் கருத்தை நகைச்சுவையாகக் கேட்டவர்கள், அதை மனசுக்குள் எதிர்த்து வாதாடுவது குறைவாக இருந்தது. "சும்மா ஜோக்குதானே" என்று ஒதுக்கியதால் அப்போதைக்கு அவர்கள் கருத்தும் பெரிதாக மாறவில்லை. ஆனால் நாள் போகப் போக ஜோக் என்ற அடையாளம் மறந்து, விஷயம் மட்டும் தங்கியது. "எங்கேயோ படிச்சேன்ப்பா" என்று டீக்கடையில் சொல்கிறோமே, அதில் எத்தனை படித்தது, எத்தனை சிரித்தது என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

"இதெல்லாம் செல்போன் வந்த அப்புறம் வந்த வியாதிதானே?"

நீங்கள் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கம் பிறந்தவராக இருந்தால் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் ஓட்டும்போது, அதாவது மகாபாரதக் கதையைக் கூத்தாக நடத்தும்போது, விடிய விடிய கூத்துப் பார்த்ததில்லையா? ராஜா வருவதற்கு முன்னால் கட்டியக்காரன் வருவான். ராஜாவுக்குக் கட்டியம் கூறுபவன், வாயிற்காவலன், வேலைக்காரன், கோமாளி எல்லாம் அவனேதான். மகுடமும் புஜக்கட்டையும் கட்டிய துரியோதனன் பெரிய விருத்தமாகப் பாடி முடித்ததும், அதை நம்ம ஊர்ப் பேச்சில் கொச்சையாகத் திருப்பிச் சொல்வான். சிரிப்பு அங்கேதான் கிளம்பும். சிறு வயதில் நான் பார்த்த ஒரு கூத்தில், "ஐம்பத்தாறு தேசத்துக்கும் அதிபதி நான்" என்று துரியோதனன் சுற்றி வந்தான். கட்டியக்காரன் கைகட்டிக்கொண்டு, "மகாராஜா, அதுல நம்ம ஊரும் இருக்குதுங்களா? குழாயில தண்ணி வந்து எட்டு நாளாச்சு" என்றான். முன் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவருக்கும் சிரிக்காமல் வழியில்லை. தண்ணீர் மறுநாளே வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி அந்தக் கேள்வி ஊர் நடுவில் கேட்கப்பட்டுவிட்டது.

அதற்கப்புறம் நாடகமும் சினிமாவும் வந்தன. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மதுவிலக்கையும் சீர்திருத்தத்தையும் சிரிப்பில் கலந்து கொடுத்தார். 1949-இல் வந்த அவருடைய 'நல்லதம்பி' படத்துக்குக் கதை வசனம் அண்ணா. எம்.ஆர்.ராதா அன்றன்றைய செய்தியை மேடையிலேயே இழுத்துப் போட்டுக் கிழிப்பார். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய சர்ச்சையை ஒட்டி, 1954-இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். சோ 1970 பொங்கலுக்குத் தொடங்கிய 'துக்ளக்' கேலியையே பத்திரிகையாக்கியது. செல்போன் செய்தது வேகத்தைக் கூட்டியது. அதோடு, யார் சொன்னார்கள் என்பதையும் மறைத்துவிட்டது. கட்டியக்காரன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். மீம் பேஜ் யாருடையது என்று தெரியாது.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. காமெடியால ஓட்டு மாறுமா, மாறாதா?"

ஒரே வார்த்தை என்றால், அபூர்வமாக.

2011 சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வடிவேலு தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் பேசினார். முக்கால்வாசிப் பேச்சும் விஜயகாந்தைக் கிண்டல் செய்ததுதான். போன இடமெல்லாம் கூட்டம், டிவியில் நேரலை, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு. முடிவு வந்தபோது தே.மு.தி.க.வுக்கு 29 இடம், தி.மு.க.வுக்கு 23. கிண்டல் செய்யப்பட்டவர் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். கூட்டம் வடிவேலுவைப் பார்க்க வந்தது, பார்த்தது, வீட்டுக்குப் போய்விட்டது.

நம் பக்கத்து பர்கூரையும் சொல்ல வேண்டும். 1996-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அங்கே தோற்றார். முந்தின வருஷம் நடந்த வளர்ப்பு மகன் கல்யாணத்தைப் பற்றி அப்போது டீக்கடைக்கு டீக்கடை ஜோக் ஓடியது. அந்த ஜோக்குகளால் அவர் தோற்கவில்லை. கோபம் முன்னாலேயே வந்துவிட்டது, ஜோக் அதன் பின்னால் வந்தது. யாருக்கு எதிராக ஜோக் பிறக்கிறது என்பதை வைத்து ஊர் மனசைத் தெரிந்துகொள்ளலாம். அந்த மனசை ஜோக்கே உண்டாக்கியது என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்.

"அப்படின்னா அந்த ஒத்தச் செங்கல் எப்படி எடுபட்டுச்சு?"

2021 பிரசாரத்தில் உதயநிதி ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, "மதுரை எய்ம்ஸ் இதுதான், கையோடு எடுத்து வந்துட்டேன்" என்ற மாதிரிப் பேசினார். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். இரண்டு வருஷம் கழித்தும் அங்கே கட்டடம் எழவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜோக் புதிதாக எதையும் நம்பச் சொல்லவில்லை, தெரிந்ததைக் கையில் பிடிக்கிற மாதிரி ஆக்கியது. முன்னால் சொன்ன பாலம் ஜோக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பாலத்தைப் போய்ப் பார்த்தவர் யாருமில்லை, எய்ம்ஸ் இடத்தை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கலைவாணர் 1957-இல் காஞ்சிபுரத்தில் பேசியதாக மேடைகளில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் அந்த டாக்டரை வானளாவப் புகழ்ந்துவிட்டு, "இவ்வளவு நல்ல டாக்டரை சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார்? இவரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாவை அனுப்புங்கள்" என்றாராம். எதிராளி மேல் ஒரு கீறல் விழவில்லை. இந்த மாதிரி ஒன்றைச் செய்து தரச் சொல்லி ஒருவராவது வருவார் என்று நானும் பார்க்கிறேன்.

"ஓட்டு மாறலைன்னா வேற என்னதான் மாறுது?"

யார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கலாம், யார் வாய் திறந்தாலே சிரிக்கலாம் என்பது மாறுகிறது. என் கணக்கில் காமெடி செய்கிற பெரிய வேலை இதுதான்.

விஜயகாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் சிரிப்பு அவரை அசைக்கவில்லை என்று மேலே சொன்னேன். அதற்கப்புறம் வருஷக்கணக்காக ஓடின மீம்கள் வேறு வேலை செய்தன. அவர் அரை மணி நேரம் பேசினால், நாக்கு குழறுகிற நான்கு விநாடியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அவர் சொன்ன விஷயம் சரியா தப்பா என்று யாரும் பேசவில்லை, பேசினாலே சிரிப்பு. 2016-இல் 104 தொகுதியில் நின்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூட்டணிக் குழப்பம், கட்சி மாறிய எம்.எல்.ஏ.க்கள் என்று அதற்கு நிறையக் காரணம் உண்டு, மீம் தலையில் மட்டும் கட்ட முடியாது. உடம்புக்கு முடியாமல்தான் அப்படிப் பேசினார் என்பது போகப் போகத் தெரிந்தது. 2023 டிசம்பர் 28-இல் அவர் இறந்தபோது, அதே மீம்களைப் பரப்பியவர்கள் "மன்னிச்சிடு கேப்டன்" என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

அந்த மீம்களில் சில என் கணினியில் செய்தவை. ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினேன்.

"வடிவேலு மூஞ்சி போட்டு மீம் வந்தா அவர் அந்தக் கட்சியா?"

இல்லை. அது டெம்ப்ளேட். ஒரே படத்தில் காலையில் ஆளுங்கட்சிக்கும் சாயங்காலம் எதிர்க்கட்சிக்கும் வசனம் மாற்றித் தருகிறேன். 2019 மே கடைசியில் பிரதமர் பதவியேற்கிற சமயத்தில், ஒரு பழைய படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததே, ஞாபகம் இருக்கிறதா? வடிவேலு அதைத் தொடங்கவும் இல்லை, அதனால் யாருக்கும் ஓட்டுக் கேட்கவும் இல்லை.

"அவர் அப்படிச் சொன்னதாவே ஊரெல்லாம் பேசுறாங்க, தேடிப் பார்த்தா எங்கேயும் இல்லையே?"

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2008 அமெரிக்கத் தேர்தலில் சாரா பேலின் துணை அதிபர் வேட்பாளர். அலாஸ்காவில் ஓரிடத்திலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்று ஒரு பேட்டியில் சொன்னார், அது உண்மையும்கூட. அவரைப் போல வேஷம் போட்ட டினா ஃபே என்ற நடிகை, "என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியுது" என்று டிவியில் நடித்தார். இன்று வரை பேலின் சொன்னதாகப் பலர் நினைப்பது நடிகை சொன்ன வரியைத்தான்.

நம்மிடம் பெரும்பாலும் வேஷம்கூடத் தேவையில்லை. டிவி சேனல் லோகோ வைத்த கார்டு ஒன்று போதும். அந்த மாதிரி கார்டு செய்ய எனக்கு எட்டு நிமிஷம் ஆகும், அதனால் சொல்கிறேன்: எழுத்துரு அந்தச் சேனல் வழக்கமாகப் போடுவதுதானா, தேதி இருக்கிறதா, அவர்கள் பக்கத்திலேயே அந்தக் கார்டு இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். சேனல் லோகோ போட்டுத் தரச் சொல்லி வருபவர்களை இப்போது திருப்பி அனுப்புகிறேன். பக்கத்துக் கடையில் செய்துகொள்கிறார்கள்.

"எங்கப்பா அவர் தலைவரைக் கிண்டல் பண்ற வீடியோவையே பெருமையா ஷேர் பண்றாருங்க. புரியாம பண்றாரா?"

அப்பாவைத் திட்டாதீர்கள். ஸ்டீபன் கோல்பேர் என்ற அமெரிக்க நகைச்சுவையாளர் பழமைவாதக் கட்சிக்காரர் மாதிரியே நடித்து அந்தக் கட்சியைக் கிண்டல் செய்துவந்தார். 2009-இல் வந்த ஆய்வில் இரு தரப்புமே அவருக்குச் சிரித்தார்கள். ஆனால் பழமைவாதிகளில் பலர், அவர் கிண்டல் செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் நம்ம ஆள்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். வஞ்சப்புகழ்ச்சிக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. வஞ்சத்தைக் கழித்துவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ள யாராலும் முடியும்.

"நான் சென்னையில படிக்கும்போது ஹாஸ்டல்ல 'தர்மபுரிப் பல்லு'ன்னு கூப்பிடுவாங்க. அதுலயும் அரசியல் இருக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், கை வாயை மூடியபடி.

இருக்கிறது. நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகிற வயதில் அதற்கு மேல் குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும், என்ன தேய்த்தாலும் போகாது. இன்னும் அதிகமானால் எலும்பையும் பாதிக்கும். காவிரி ஒகேனக்கல்லில் விழுந்து நம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்க, நாம் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல்தான் அடிக்கல், 2013-இல்தான் தொடக்கம்.

இப்போது அந்தக் கிண்டலைத் திரும்பப் பாருங்கள். தண்ணீர் கொடுக்காதது யார் என்ற கேள்வி அதில் இல்லை. பல் தேய்க்காத ஊர்க்காரன் என்று பழி குடித்தவன் மேல் விழுகிறது. கூத்தில் கட்டியக்காரன் குழாய்த் தண்ணீரைப் பற்றி ராஜாவிடம் கேட்டான், ஹாஸ்டல் பையன் அதே தண்ணீருக்காக நம்மைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அது அரசியல் என்று தெரியாது. நமக்கும் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டோம். நானும்தான்.

"ஜாதிப் பேரே சொல்லாம ஜாதியைக் கிண்டல் பண்றாங்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

யாருக்கும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் புரிகிற ஜோக் அது, அதுதான் அடையாளம். உடை, முடி, வண்டி, பேசுகிற பாணி ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். 'ஜீன்ஸ், கூலிங் கிளாஸ்' என்ற இரண்டு சொல் 2012 வாக்கில் நம் வட்டாரத்தில் யாரைக் குறித்தது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. கிண்டல் தீ வைத்தது என்று சொல்ல மாட்டேன், அதன் காரணங்கள் பெரியவை. ஆனால் வருஷம் முழுக்கச் சிரித்துப் பழகிய ஆட்களின் வீடு எரியும்போது ஓடி வருகிற கால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். காது கொடுத்துக் கேட்பது பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் கொடுமையாகப் பொருந்தும்.

இந்த மாதிரி ஆர்டருக்கு "கணினி ரிப்பேர்" என்று சொல்லிவிடுவேன். நேருக்கு நேர் மறுக்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

"கேஸ் போடுவாங்களா? நான் குரூப் அட்மின் வேற."

போட்டிருக்கிறார்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக, எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் இழிவுபடுத்தியதாகச் சட்டசபை அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே விட்டார்கள். அந்த ஜோக்கைப் பார்க்காதவர்களும் அதற்கப்புறம் தேடிப் படித்தார்கள். 2017-இல் நெல்லை கலெக்டர் அலுவலகத் தீக்குளிப்பை வைத்து வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்குப் பிறகு விகடன் இணையதளமே முடக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் போய்த்தான் திறந்தது.

இணையத்தில் எழுதுவதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்துவிட்டது. அவதூறுச் சட்டம் இருக்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 356-ஆவது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை. கருத்தைக் கிண்டல் செய்வதும், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஜோக் சொல்வதும் வேறு வேறு. குரூப்பில் இன்னொருவர் போட்டதற்கு அட்மின் என்பதால் மட்டும் பொறுப்பாக்க முடியாது என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக நீங்களே "செம" என்று ஃபார்வர்டு செய்துவிட்டு அட்மின் என்று தப்பிக்க முடியாது.

"ஏ.ஐ.ல தலைவர் குரல்லயே பாட வைக்கிறாங்களே?"

கிண்டலுக்கும் பொய்க்கும் நடுவில் இருந்த வரப்பை அது உழுதுவிட்டது. மிமிக்ரி கலைஞர் எதிரில் நின்று பேசும்போது அவர் முகம் தெரியும். இதில் எதுவும் தெரியாது. போலி வீடியோ, குரல் கவனத்துக்கு வந்தால் கட்சிகள் மூன்று மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் சொன்னது. மூன்று மணி நேரத்தில் அது ஓசூரிலிருந்து அரூர் வரை போய்த் திரும்பிவிடும்.

"அப்போ அரசியல்வாதியைக் கிண்டலே பண்ணக் கூடாதுங்கறீங்களா?"

ஐயோ, அப்படிச் சொல்லவே இல்லை. கிண்டல் இல்லாத ஊரில் எனக்குக் கடையும் இருக்காது. பதவியில் இருப்பவரை, அவர் செய்ததற்காகவும் செய்யாததற்காகவும் தாராளமாகக் கிண்டல் செய்யுங்கள். பல், நிறம், நோய், மனைவி, ஜாதி என்று போகும்போது மட்டும் எனக்குக் கை தயங்குகிறது. சில சமயம் தயங்கிவிட்டும் செய்திருக்கிறேன் என்பது மேலேயே இருக்கிறது.

"நீங்க எந்தக் கட்சிங்க?"

டிசைன் முடிந்துவிட்டது, நூற்றைம்பது ரூபாய்.

"என் பையன் பன்னிரண்டாவது படிக்கறான், மீம் பேஜ் ஆரம்பிச்சிருக்கான். தடுக்கலாமா?"

தடுத்தால் வேறு பெயரில் ஆரம்பிப்பான். அவன் பெயரிலேயே நடத்தச் சொல்லுங்கள், அதுவே பாதி மீமை வடிகட்டிவிடும். சித்திரையில் பக்கத்து ஊரில் பாரதம் ஓட்டினால் ஒரு ராத்திரி கூட்டிப்போங்கள். ராஜாவைப் பார்க்காமல் கட்டியக்காரனை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். துரியோதனனை அத்தனை கிண்டல் செய்தவன், கடைசி நாள், துரியோதனன் சாகிற படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய அந்தப் பெரிய உருவத்துக்கு முன்னால் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு வரட்டும். தூக்கம் வரும், ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துப் போங்கள்.